இருமலும் வயிற்று வலியும்

பாட்டிக்கு இதயத்தில் செயற்கை வால்வு. தினமும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. நாலு நாளாக விடாத இருமல். திடீரென்று தொப்புளுக்குக் கீழே ஒரு பக்கம் கடுமையான வலி, தொட்டால் கட்டி.

"வாயுதான், ஓமத்தண்ணி குடிங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

டாக்டரோ, "படுத்தபடி தலையை மட்டும் தூக்குங்கம்மா" என்றார். தூக்கியதும் வலி கூடியது. அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் குடலில் இல்லை, வயிற்றுச் சுவரில். ஸ்கேன் எடுத்தார்கள். இருமிய வேகத்தில் ரத்தக்குழாய் கிழிந்து, வயிற்றுத் தசையின் உறைக்குள் ரத்தம் தேங்கியிருந்தது.

அபூர்வம்தான். பெரும்பாலும் அறுவை இல்லாமலே அடங்கிவிடும். மாத்திரையை நிறுத்துவதா, மாற்று மருந்து கொடுப்பதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். நாமே நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையக்கூடும்.

"வேற மாத்திரை சாப்பிடறீங்களான்னு முதல்லயே கேட்டேனேம்மா?"

"வயித்துக்கு ஒண்ணும் சாப்பிடலையே டாக்டர். அது நெஞ்சுக்குல்ல!" என்றாராம் பாட்டி.