திரிவழி நீருண்ணும் பூச்சாடி

பெரியகல்லாறு, கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே கிடக்கும் மணல் நிலம். கச்சான் காற்று வீசும் மாதங்களில், காலையில் வார்த்த நீர் மாலைவரை சாடியில் தங்குவதில்லை. ஒரு வாரம் வெளியூர் சென்று திரும்பிய நான், இலையுதிர்ந்து நின்ற குரோட்டன் செடியைக் கண்ட பின்னரே இச்சோதனையைத் தொடங்கினேன்.

முறை எளிது. சாடியின் அடித்துளை வழியே பருத்தித் திரியொன்றைக் கோத்து, அதன் மறுமுனையைக் கீழேயுள்ள நீர்ப் பாத்திரத்தில் தோய விடுதல் வேண்டும். குத்துவிளக்கில் எண்ணெய் ஏறுவது எவ்வாறோ, அவ்வாறே நீரும் ஏறும். முதலில் கடற்கரை மணலையே இட்டேன். அடியில் ஈரம், மேலே புழுதி! பருமணலில் நீர் உயர ஏறாது. தும்புச்சோறு கலந்த பின்னரே வேர் நனைந்தது.

ஒரு திங்கள் கழிந்ததும் மண்மீது வெண்படலம் தோன்றியது. பூசணம் என்றெண்ணினேன், நாவில் வைத்துப் பார்த்தால் உவர்த்தது. எங்கள் கிணற்று நீரிலுள்ள உப்பு, நீர் ஆவியாகிய பின் மேலே தங்கிவிட்டது. ஆகவே, இடையிடையே மழைநீரை மேலிருந்து வார்த்து, வடிவதை வெளியே கொட்டுகின்றேன்.

மற்றொரு தொல்லை நுளம்பு. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அந்நுளம்பு நாடுவது இத்தகைய தேங்கிய தெளிநீரையே. முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்வதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாயைத் துணியால் இறுகக் கட்டி, வாரந்தோறும் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுகின்றேன்.

பருத்தித் திரி நாளடைவில் உக்கிவிடும். இரண்டாவது திரி இப்போது சாடியில் இருக்கின்றது. குரோட்டன் மூன்று புதிய இலை விட்டிருக்கின்றது.