விமானி ஆக ஆசைப்படும் பிள்ளைக்கு
(சிதம்பரத்தில் மாணவர்கள், பெற்றோர் முன் ஆற்றிய உரை)

 

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, கடலூர் என்று நம் பகுதியில் வளைகுடாவுக்கு விமானம் ஏறிய ஆள் இல்லாத தெரு அரிது. ஆனால் அந்த விமானத்தை ஓட்ட வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், "அதெல்லாம் கோடீஸ்வரன் வீட்டுக்கு" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். இல்லையென்றால் அவசரப்பட்டு நகையை அடகு வைக்கக் கிளம்புகிறோம். இரண்டும் வேண்டாம்.

பி.பி.எல். எனும் தனியார் விமானி உரிமத்துக்கு 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி, 17 வயது, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். ஆனால் அதை வைத்துச் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. வேலைக்கு சி.பி.எல். எனும் வணிக விமானி உரிமம் தேவை. அதற்கு 12-ஆம் வகுப்பில் இயற்பியல், கணிதம், 18 வயது, 200 மணி நேரப் பறப்பு. மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் முன்னதற்கு 6 லட்சம், பின்னதற்கு 30 லட்சம். தங்குமிடம், சாப்பாடு, மற்ற பயிற்சிகள் தனி.

ஆகவே, செலவு குறைந்ததை முதலில் செய்யுங்கள்.

முதலாவது, மருத்துவப் பரிசோதனை. வேலையை நினைப்பவர் இரண்டாம் வகுப்புச் சான்றோடு நிற்காமல், முதல் வகுப்புச் சான்றும் கிடைக்குமா என்று தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். நிறக்குருடு போன்ற குறை பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் குடும்பமே நொறுங்கிவிடும்.

இரண்டாவது, எழுத்துத் தேர்வு. வான்வழி கணிப்பு, வானிலை, விதிமுறைகள் முதலான பாடங்களில் டி.ஜி.சி.ஏ. தேர்வு நடத்துகிறது. தேர்ச்சிக்கு 70 சதவீதம். வீட்டிலிருந்தே படிக்கலாம். பிள்ளையின் ஆசை எவ்வளவு உறுதியானது என்பதும் இதில் தெரிந்துவிடும். தேர்ச்சிக்குக் காலவரம்பு உண்டு. பணத்துக்கான வழியையும் கூடவே தேடுங்கள்.

மூன்றாவதுதான் பயிற்சிப் பள்ளி. டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். நேரில் போய், பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை பயிற்றுநர், எத்தனை மாணவர் என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். விமானம் குறைவாக இருந்தால் பிள்ளை மாதக்கணக்கில் விடுதியில் காத்திருக்கும். விடுதி வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டுப் பணம் செலவாகாத வழியும் உண்டு. 12-ஆம் வகுப்புக்குப் பின் என்.டி.ஏ. தேர்வு, பட்டத்துக்குப் பின் அஃப்கேட் தேர்வு. தேர்வானால் விமானப்படை தன் செலவிலேயே பறக்கக் கற்றுத்தரும். பெண் பிள்ளைகளும் எழுதலாம்.

ஹைதராபாத்தின் ஸையிதா சல்வா ஃபாத்திமா ஒரு பேக்கரித் தொழிலாளியின் மகள். 'சியாசத்' உர்தூ நாளேட்டின் ஆசிரியர் பயிற்சிக்கு உதவினார். மேற்பயிற்சிக்குத் தெலங்கானா அரசு உதவியது. இன்று அவர் விமானி. அந்தப் பெண்ணின் உழைப்போடு, சரியான நேரத்தில் நீண்ட கைகளும் சேர்ந்தன.

டாம்கோ கல்விக் கடன் இப்பயிற்சிக்குப் பொருந்துமா என்று கடலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். வசதியுள்ள சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 30 லட்சம் தர வேண்டாம். ஒரு பிள்ளையின் மருத்துவப் பரிசோதனைக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். தகுதி உண்டா இல்லையா என்பது தெரியாமலேயே ஒரு பிள்ளையின் கனவு முடிந்துவிடக் கூடாது.