காப்பியும் கண்டிப்பும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவன் நான். மாணவர்களின் ஒழுங்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு வருஷம் இரண்டு மாணவர்களின் லேப் ரெக்கார்ட் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. கணக்கில் விட்டிருந்த பிழைகூட இரண்டிலும் ஒன்றே. இரண்டாவதாகக் கொடுத்தவன்தான் காப்பி அடித்தவன் என்று முடிவு கட்டி, அவனை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, எல்லார் முன்னிலையிலும் திட்டிப் பூஜ்யம் போட்டேன். அவன் வாயே திறக்கவில்லை. வருஷக் கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. ரெக்கார்ட் அவனுடையது; இரவல் வாங்கிய நண்பன் பார்த்து எழுதி, முந்திக்கொண்டு கொடுத்துவிட்டான்! அதற்குள் மார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றான். அன்றைக்குப் பிறகு அவன் என் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பின் சில வழக்கங்களை வைத்துக்கொண்டேன். எது கூடிப் படிப்பது, எது காப்பி என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். சந்தேகம் வந்தால், சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியே அழைத்து ஐந்து நிமிஷம் கேள்வி கேட்பேன். "இந்த வரைபடம் இங்கே ஏன் வளைகிறது? இந்த அலகு எப்படி வந்தது?" தானே செய்தவன் தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடுவான். மற்றவன் விழிப்பான். கம்ப்யூட்டரே கட்டுரை எழுதித் தரும் இந்நாளிலும் இந்த வழி பலிக்கிறது.

அதற்காகக் கண்டும் காணாமல் இருக்கச் சொல்லவில்லை. தப்பு உறுதியானால் தண்டனை உண்டு. ஆனால் அது அளவோடும், விதிப்படியும், சபையில் அவமானப்படுத்தாமலும் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளும் படிப்படியாகத்தான் போகின்றன. ஆராய்ச்சி ஏட்டில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் அசைன்மென்ட், பிராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் ஆகியவை அந்த விதிகளுக்குள் வருவதில்லை. அங்கே பொறுப்பு முழுவதும் கல்லூரிக்கும் ஆசிரியருக்கும்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்புப் பிராஜெக்டை ராத்திரி கண்விழித்து நாமே ஒட்டி, வர்ணம் தீட்டிக் கொடுக்கிறோம். குழந்தை பரிசு வாங்கினால் பூரித்துப் போகிறோம். பிறர் உழைப்பில் தன் பெயரைப் போடலாம் என்ற முதல் பாடத்தை அங்கே நடத்துவது யார்? கோணலாக இருந்தாலும் அது குழந்தை செய்ததாகவே இருக்கட்டும்.