மூட்டு நோயும் நுரைக்கும் சலமும்

கலேவெலப் பக்கம் வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்குகிறவருக்குக் கை உளைவது புதிதல்ல. ஆனால் விடிய எழும்பி ஒரு மணி நேரமாகியும் விரல் மடங்காவிட்டால், அது வேலைக் களைப்பு மட்டுமல்ல, முடக்குவாதமாகவும் இருக்கலாம்.

இந்த நோய் மூட்டோடு நிற்பதில்லை. அழற்சி பல வருடம் அடங்காமல் இருந்தால், ஈரல் சுரக்கும் ஒரு புரதம் 'அமிலோயிட்' என்ற படிவாகிச் சிறுநீரகத்தில் தங்கக்கூடும். அது வலிக்காது. சலம் நுரைக்கும், கால் வீங்கும்.

இன்னொரு ஆபத்து நம் கையிலேயே இருக்கிறது. வலிக்கென்று பாமசியில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் டைக்குளோபெனாக், இபுபுரொபன் குளிசைகளும் சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடியாமல் போட்டால் இரட்டை அடி.

பக்கத்து வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்தே காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பலரை வாட்டுகிறது. எனவே நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

முடக்குவாதத்துக்காகக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் மெதோட்ரெக்சேட் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் சிறுநீரகம் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள்: "சலத்தில் புரதம் போகிறதா? கிரியேட்டினின் எவ்வளவு?"