கருவியைத் தொடும் கை



உணரிகளும் கணினி மாதிரிகளும் பள்ளி அறிவியலுக்கு எவ்வாறு துணைபுரியும் என்பது பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். வெப்பம், ஒளி, ஒலி, தொலைவு போன்றவற்றை அளந்து மின்குறியாக மாற்றித் தரும் சிறு கருவியே உணரி. அக்குறியை எண்ணாகவும் வரைபடமாகவும் கணினி காட்டும்.

தொலைவு-காலம் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைகிறோம். மாணவன் பார்த்து எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறான். ஆயினும், கோடு கிடையாகச் சென்றால் பொருள் நிற்கிறது என்பதை உணராமல், சமதரையில் செல்கிறது என்று எண்ணிவிடுகிறான். 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ராபர்ட் டிங்கரும் அவருடைய தோழர்களும் உணரியைக் கணினியோடு இணைத்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தனர். மீயொலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கும் உணரியின் முன் மாணவன் நடந்தான். விலகினால் கோடு ஏறியது, நெருங்கினால் இறங்கியது, நின்றால் கிடையாக ஓடியது. நடக்கும் அந்நொடியிலேயே வரைபடத்தைக் கண்டவர்கள் நன்கு கற்றனர் என்றும், ஏறத்தாழ 20 நொடி தாமதித்துக் கண்டவர்களுக்கு அப்பயன் பெரிதும் குறைந்தது என்றும் ஹெதர் பிராசல் 1987இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

இனி, கணினி மாதிரி. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் ஏறத்தாழ 0.45 நொடியில் தரையை அடையும் என்று, காற்றைக் கணக்கில் கொள்ளாத மாதிரி சொல்லும். கல்லை விட்டு அளந்தால் ஒத்துவரும். காகிதத் தாளை விட்டு அளந்தால் ஒவ்வாது. ஏன் என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. காற்றுத் தடை பாடமாகிறது. அளக்காமல் மாதிரியை மட்டும் பார்த்திருந்தால் அதுவும் இன்னொரு பாடநூலே.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி கைப்பேசியையே ஆய்வுக்கருவியாக்குகிறது. இரண்டு ஒலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அது துல்லியமாக அளக்கும். கொலராடோவில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் மாதிரிகள் தமிழிலும் உள்ளன. இரண்டுமே விலையின்றிக் கிடைப்பவை.

சதாராப் பள்ளியில் சிறுவர் அம்பேத்கர் தண்ணீர்க் குழாயைத் தாமே திறக்க அனுமதிக்கப்படவில்லை. 'தொடாதே' என்ற சொல்லின் கொடுமையை நாம் அறிவோம். ஆய்வுப் பொருள்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கும்போதும், ஒருவன் மட்டும் செய்ய மற்றவர் எட்டிநின்று பார்க்கும்போதும், அச்சொல்லே வேறு உருவில் நம் பிள்ளைகளிடம் திரும்பி வருகிறது. கல் யார் கையிலிருந்து விழுந்தாலும் அதே 0.45 நொடிதான். அதைத் தன் கையால் அளந்தறிந்த பிள்ளை, பிறர் சொல்லுக்கு எளிதில் தலைவணங்காது.

ஆகவே இளைஞர்களே, நம் இரவுப் பாடசாலைகளில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசியேனும் வைத்து இச்சோதனைகளைச் செய்வியுங்கள். கடைசி வரிசைப் பிள்ளையும் பெண் குழந்தையும் முதலில் தொடட்டும். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களே அளந்து சொல்லட்டும்.