குடலும் சிறுநீரகமும்
(தாம்பரத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் வசிக்கும் நம்மவர் குடும்பங்களில் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மலிந்திருக்கின்றன. இவ்விரண்டினாலும் நேரிடும் பெருந்துன்பம் சிறுநீரகக் கேடு. அந்நோய் கண்ட வீட்டார், கவலை மிகுதியால், புஷ்டி மாவு, மூலிகைச் சூரணம், குடலுக்கு நன்மை செய்யும் கிருமிகள் அடங்கிய மாத்திரை ஆகியவற்றை வாங்கிக் கொடுக்கின்றனர். அன்பினால் செய்யும் இக்காரியம் தீமையாய் முடியாதிருக்க வேண்டுமென்பதே நம் கருத்து.

முதலில் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவை அறிதல் வேண்டும். நாம் உண்ணும் புரதத்தில் சீரணியாது எஞ்சுவதைப் பெருங்குடலில் வாழும் நுண்கிருமிகள் சிதைக்கின்றன. அப்பொழுது இண்டோல், கிரெசால் என்னும் பொருள்கள் உண்டாகி, ஈரலில் மாறுதலடைந்து, இரத்தத்தில் சேருகின்றன. நல்ல சிறுநீரகம் அவற்றைக் கழித்துவிடும். தளர்ந்த சிறுநீரகத்துக்கு அது இயலாது. அவை இரத்தத்திலுள்ள ஆல்புமினைப் பற்றிக்கொள்வதால் டயாலிசிஸ் இயந்திரமும் அவற்றை எளிதில் நீக்க மாட்டாது. மேலும், இந்நோயாளரின் உடலிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பில் ஒரு பகுதி மலத்தின் வழியே வெளியேறுகிறது. மலச்சிக்கல் அவ்வழியையும் அடைத்துவிடுகிறது.

அப்படியாயின், குடலைத் திருத்தினால் சிறுநீரகம் பிழைக்குமன்றோ எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. குடலிலுள்ள நஞ்சை உறிஞ்சும் ஒருவகைக் கரி ஜப்பானில் 1991 முதல் மருந்தாக வழங்கி வருகிறது. ஆயினும், 2015இல் வெளியான பன்னாட்டுப் பரிசோதனையில், அது நோயின் வேகத்தைத் தணிப்பதாக நிரூபணமாகவில்லை. 2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சியில் நற்கிருமிகளையும் அவற்றுக்கு இரையாகும் நாரையும் சேர்த்துக் கொடுத்தனர். கிரெசால் நஞ்சு குறைந்தது. இண்டோல் நஞ்சு சொல்லத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே, இம்மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காத்துவிடும் என்று விற்போர் கூறுவது ஆதாரத்தை மிஞ்சிய பேச்சாகும்.

பயனின்மை ஒருபுறமிருக்க, கேடு விளைவிப்பனவும் உண்டு. பெல்ஜியம் தேசத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்த செய்தி 1993இல் வெளியாயிற்று. அதற்குக் காரணமான நஞ்சு, நம் நாட்டு ஆடுதீண்டாப்பாளையிலும் இருக்கிறது. நோனிச் சாற்றிலும், உப்புக்குப் பதிலாக விற்கும் சில பொடிகளிலும் பொட்டாசியம் மிகுதி. அது இரத்தத்தில் ஏறினால் இருதயம் நின்றுவிடவும் கூடும். மக்னீசியம் கலந்த பேதி மருந்தும் இவர்களுக்கு ஆகாது. புரத மாவோ, தளர்ந்த சிறுநீரகத்தின் மீது பின்னும் சுமையேற்றும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்கு மட்டும் புரதம் கூடுதலாக வேண்டும். அதன் அளவையும் வைத்தியரே சொல்ல வேண்டும்.

நம் தாம்பரத்துக்கு மருத்துவப் பெருமை புதிதன்று. 1928இல் டாக்டர் சௌரிமுத்து அவர்கள் இங்கே க்ஷயரோக சானடோரியம் நிறுவி, நற்காற்றும் நல்லுணவும் ஓய்வும் கொண்டு சிகிச்சை செய்தார். 2005 முதல் அவ்விடத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் நடைபெற்று வருகிறது. இருவகை வைத்தியமும் அருகிலிருப்பது நம் பாக்கியம். ஆனால் ஒரு வைத்தியரிடம் உண்ணும் மருந்தை மற்றவரிடம் மறைப்பது பேராபத்து. எதையும் மறையாது இருவரிடமும் சொல்லுங்கள்.

குடலைப் பேண எளிய வழிகள் உண்டு. சுரை, புடலை, பீர்க்கு முதலிய காய்களை நறுக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும், நாரும் கிடைக்கும். இசப்கோலைப் போதிய நீருடன் உண்ண வேண்டும். நீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. இளநீரும் வாழைப்பழமும் பிறர்க்கு நன்மையாயினும், இவர்க்கு இரத்தப் பரிசோதனை பார்த்த பின்னரே.

சகோதரிகளே! அடுக்களை உங்கள் ஆட்சியிலிருப்பதால் உங்களிடம் தனியே ஒரு விண்ணப்பம். புட்டியிலுள்ள விளம்பரத்தை நம்பு முன், அதன் மேற்சீட்டை முழுவதும் வாசியுங்கள். இது மருந்தாக உபயோகிப்பதற்கன்று என்று சர்க்கார் விதிப்படி அதிலேயே அச்சிட்டிருக்கும். அவ்வொரு வரியை வாசித்த பின்பு, புட்டியைக் கையிலெடுத்துக்கொண்டு முதலில் வைத்தியரிடம் செல்லுங்கள். நோயாளியிடம் பிறகு செல்லலாம்.