கம்பியில்லா மின்னேற்றம்: வண்டியை நிறுத்த ஒரு துணை



நாமக்கல்லிலிருந்து புறப்பட்ட லாரி ஒன்று, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, தில்லி ஆஸாத்பூர் மண்டியை வந்தடைகின்றது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இரண்டு லாரிகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடத்தில் அது பின்னோக்கி நுழைய வேண்டும். மலையும் மழையும் கடந்து வந்த ஓட்டுநர், இந்தக் கடைசி இரண்டு கஜ தூரத்திற்கு மட்டும் தம் கண்ணை நம்புவதில்லை. கிளீனரை இறக்கிவிடுகிறார். அவர் வண்டியின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே, “வரட்டும் அண்ணே, வரட்டும்... இடது பக்கம் ஒடிங்க... போதும்!” என்கிறார். தட்டல் நின்றவுடன் வண்டியும் நிற்கின்றது.

வெளி மாநிலங்களில் வாழும் நாம் இக்காட்சியைக் காணும்போதும் அக்குரலைக் கேட்கும்போதும் சற்று நின்று மகிழ்கிறோம். மொழிப் பாசம் ஒருபுறம் இருக்க, அதில் ஓர் உண்மையும் அடங்கியிருக்கின்றது. ஓட்டுநர் எவ்வளவு தேர்ந்தவராயினும், தம் இருக்கையிலிருந்து காண இயலாத இடம் ஒன்று எப்போதும் உண்டு. அவ்விடத்தைக் கண்டு சொல்ல அவருக்கு ஒரு துணை வேண்டும். மின்சார வண்டிகளுக்குக் கம்பியில்லாமல் மின்னேற்றும் முறை பரவத் தொடங்கியிருக்கும் இந்நாளில், அந்தத் துணை யார் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் முறையைச் சுருக்கமாகக் காண்போம். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கில அறிஞர், ஒரு கம்பிச் சுருளில் மின்னோட்டம் மாறும்போது, அதனைத் தொடாத மற்றொரு சுருளிலும் மின்சாரம் எழுகின்றது என்று கண்டறிந்தார். நம் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் இத்தத்துவத்தால் இயங்குவதே. அதில் இரண்டு சுருள்களும் ஒரே இரும்புச் சட்டத்தில் இறுகப் பிணைந்திருக்கின்றன. கம்பியில்லா மின்னேற்றத்திலோ, ஒரு சுருள் தரையில் பதித்த பலகையில் இருக்கின்றது. மற்றொன்று வண்டியின் அடிப்பகுதியில் இருக்கின்றது. இரண்டிற்கும் நடுவே வெறும் காற்றுதான். இந்த இடைவெளியைக் கடப்பதற்காக மின்னோட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 85,000 முறை அலைவிக்கப்படுகின்றது. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறையே அலைகின்றது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விசையே போதுமன்றோ? அதுபோல இரண்டு சுருள்களும் ஒரே கதியில் அதிரும்படி இசைவிக்கப்படுகின்றன.

ஆனால் சுருள்கள் நேருக்கு நேர் அமையாவிட்டால் இவ்விசைவு குலைகின்றது. காந்தப் புலத்தின் பெரும்பகுதி எதிர்ச் சுருளில் சேராமல் புறத்தே சிதறுகின்றது. மின்சாரம் குறைவாகச் சேர்கின்றது. வீணாகும் வெப்பம் மிகுகின்றது. வண்டியைச் சுற்றி இருக்கவேண்டாத அளவுக்குப் புலம் பரவவும் கூடும். ஆகவே, எல்லை கடந்து நிற்கும் வண்டிக்கு மின்சாரம் தர அமைப்பே மறுத்துவிடும்.

அந்த எல்லை எவ்வளவு? அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகமாகிய எஸ்.ஏ.இ., 2020ஆம் ஆண்டில் ஜே 2954 என்னும் தர நிர்ணயத்தை வெளியிட்டது. 3.7, 7.7, 11 கிலோவாட் என மூன்று படிகளில் மின்னேற்றத்தை அது வகுத்தது. முன்னும் பின்னும் 7.5 சென்டிமீட்டர், பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் வரை பிழைக்கு இடம் தந்தது. நம் பழைய கணக்கில் சொன்னால், முன்பின் நான்கு விரற்கடை, பக்கவாட்டில் ஐந்து விரற்கடை. இதற்கு முன்னரே, 2018ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் கார் ஒன்றுக்கு 3.2 கிலோவாட் கம்பியில்லா மின்னேற்றியை அளித்தது. அதில் முன்பின் 7 சென்டிமீட்டரும், பக்கவாட்டில் 14 சென்டிமீட்டரும் அனுமதிக்கப்பட்டன. ஆறடி அகலமுள்ள வண்டியை நான்கு விரற்கடைக்குள் நிறுத்துவது எளிய செயலன்று.

இங்கே நாம் கருதவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. முன்பின் பிழையும் பக்கவாட்டுப் பிழையும் ஒரே தன்மையுடையன அல்ல. சற்று முன்னே சென்றுவிட்ட வண்டியை அரையடி பின்னே நகர்த்திவிடலாம். பக்கவாட்டில் ஒரு சாண் விலகி வந்துவிட்ட வண்டியையோ அப்படியே நகர்த்த இயலாது. அது வெளியே சென்று, திரும்பவும் நேராகி வரவேண்டும். ஆதலால் பக்கவாட்டைப் பற்றிய எச்சரிக்கை, வண்டி பல கஜ தூரத்தில் வரும்போதே கிடைக்க வேண்டும். முன்பின்னைப் பற்றிய எச்சரிக்கை கடைசி நொடியில் கிடைத்தாலும் போதும். நல்ல கிளீனர் “ஒடிங்க” என்பதை முதலிலும், “போதும்” என்பதை முடிவிலும் சொல்வது இதனால்தான்.

இத்துணையை அளிக்கும் வழிகளில் மிக எளியது தரையில் தீட்டிய கோடும், சக்கரம் முட்டி நிற்கும் தடுப்புக் கட்டையும். சொந்த வீட்டில், ஒரே வண்டி நாள்தோறும் நிற்கும் இடத்தில், இவை பெரிதும் பயன்படும். பொது இடத்தில் அவ்வளவு பயன்படா. வண்டிக்கு வண்டி சக்கரத்திற்கும் அடிச் சுருளுக்கும் உள்ள தூரம் வேறுபடுவதால், ஒருவருக்குச் சரியான கட்டை மற்றொருவருக்குப் பிழையாகிவிடும். மும்பையின் மழைக்கும் தில்லியின் தூசிக்கும் கோடுகளும் நெடுநாள் தாங்குவதில்லை.

அடுத்தது காமிராவின் துணை. நாம் மேலே குறிப்பிட்ட ஜெர்மானியக் காரில், தரைப் பலகையும் வண்டியும் வைஃபை வாயிலாக ஒன்றையொன்று அறிந்துகொண்டன. பின்னர், மேலிருந்து நோக்குவது போன்ற படம் ஓட்டுநரின் முன்னுள்ள திரையில் தோன்றியது. வண்ணக் கோடுகள் வழிகாட்டின. சரியான இடத்தை அடைந்ததும் ஒரு குறி அதனைத் தெரிவித்தது. இது நல்ல ஏற்பாடே. எனினும், கண்ணுக்குரிய குறைகள் காமிராவுக்கும் உண்டு. சேறு படிந்தால் மங்கும், மூடுபனியில் தடுமாறும். அதனினும் முக்கியமாக, எந்தப் பலகையைத் தேடி வருகின்றோமோ அது, வேண்டிய தருணத்தில் வண்டிக்கு அடியில் மறைந்துவிடுகின்றது.

எனவேதான் மூன்றாவது வழி தேவைப்பட்டது. காந்தத்தால் மின்சாரம் தருகின்ற அமைப்பு, காந்தத்தாலேயே வழியும் காட்டலாமன்றோ? தரைப் பலகைக்கும் வண்டிக்கும் இடையே மிக மெல்லிய காந்தப் புலம் ஒன்றை எழுப்பி, பல சிறு சுருள்களில் அது எவ்வெவ்வளவு உணரப்படுகின்றது என்ற வேறுபாட்டைக் கணக்கிட்டு, வண்டி எப்பக்கம் எவ்வளவு விலகியிருக்கின்றது என்று அறிவதே அம்முறை. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஜே 2954 திருத்தப் பதிப்பு இதனைப் பொது முறையாக ஏற்றுக்கொண்டது. காந்தப் புலத்தை நீரும் தூசியும் மறைப்பதில்லை. இருளும் அதற்குத் தடையில்லை. வரிசையாகப் பத்துப் பலகைகள் இருக்கும் இடத்தில், எந்த வண்டி எந்தப் பலகையின்மேல் நிற்கின்றது என்று ஐயமின்றி அறியவும் அது உதவும். அயலார் ஏற்றிய மின்சாரம் நம் கணக்கில் எழுதப்படாதிருக்க இது வேண்டியதே.

ஓட்டுநரைத் திருத்துவதோடு நின்றுவிடாமல், சுருளைத் திருத்த முனைந்தவர்களும் உளர். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜான் பாய்ஸ், கிராண்ட் கோவிக் என்னும் இருவர், சற்று விலகி நின்றாலும் மின்சாரம் சேரும் வகையில் சுருள்களின் வடிவத்தையே மாற்றி அமைத்தனர். நம் நாட்டிலும் திருவனந்தபுரத்திலுள்ள ஸீ-டாக் நிறுவனமும் நாகபுரியின் வி.என்.ஐ.டி. கல்லூரியும் கூடி ஒரு மின்னேற்றியை உருவாக்கின. அதன் தொழில்நுட்பம் 2025ஆம் ஆண்டில் தொழில் நிறுவனத்திற்குக் கைமாற்றப்பட்டது. 12.5 சென்டிமீட்டர் இடைவெளியில் 1.5 கிலோவாட் தரும் அது, 48 வோல்ட் பேட்டரியை ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 90 சதவிகிதம் வரை நிரப்பும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் சுருள்கள் துல்லியமான நேர்நிலையை வற்புறுத்தா என்பதும் அவ்வறிவிப்பின் ஒரு பகுதி. சிறிய வண்டியை ஓட்டிப் பிழைப்பவர், விலையுயர்ந்த திரைகளையும் காமிராக்களையும் எங்ஙனம் வாங்குவார்? அவருக்குப் பொறுமையுள்ள சுருளே சிறந்த துணையாகும்.

இவ்வளவும் எதற்காக என்று ஒருவர் வினவலாம். தில்லியிலோ பெங்களூரிலோ வாடகைக் கார் ஓட்டும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் களைத்து வந்து வண்டியை நிறுத்துகிறார். கம்பியை எடுத்துச் செருகும் வேலையில்லை என்று மகிழ்ந்து உறங்கச் செல்கிறார். வண்டியோ ஒரு சாண் விலகி நிற்கின்றது. விடியற்காலையில் விமான நிலையச் சவாரிக்கு எழுந்து வந்தால், பேட்டரி நேற்றிரவு இருந்தபடியே இருக்கின்றது. ஒருநாள் வருவாய் போயிற்று. கம்பியைச் செருகியிருந்தால், செருகினோம் என்பதற்குக் கையே சாட்சி. கம்பியில்லாதபோது சாட்சி கூறவேண்டிய கடமை அமைப்பினுடையதாகின்றது. “போதும்” என்று சொல்வதோடு அதன் வேலை முடியவில்லை. “ஏறுகின்றது” என்றும், ஏறாவிடில் “ஏறவில்லை” என்றும் ஐயமறச் சொல்ல வேண்டும்.

அதனை எம்மொழியில் சொல்வது? இவ்வினா வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு நன்கு விளங்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் குஜராத்தி எழுத்தைப் படிக்க அறியார். பீகாரிலிருந்து சென்னைக்கு வந்தவர் தமிழ் எழுத்தை அறியார். அம்புக் குறியும், பச்சை விளக்கும், விரைந்து விரைந்து ஒலித்து இறுதியில் நீண்டு நிற்கும் ஓசையும் எல்லாருக்கும் பொதுவானவை. லாரியின் பக்கத்தில் விழும் உள்ளங்கைத் தட்டலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

நம் குடியிருப்புகளில் இவ்வமைப்பை நிறுவும் பேச்சு எழுந்தால், சங்கக் கூட்டத்தில் நாம் கேட்கவேண்டியவை மூன்று. வண்டி விலகி வருவதை அது முன்கூட்டியே சொல்லுமா? மின்சாரம் ஏறாதபோது ஓட்டுநரைத் தேடிச் சொல்லுமா? பலகையின்மேல் நாணயமோ ஆணியோ கிடந்தால் கண்டறிந்து நிறுத்துமா? உலோகத் துண்டு அப்புலத்தில் பெரிதும் சூடேறும் ஆதலால் மூன்றாவது வினாவும் இன்றியமையாதது. இம்மூன்றிற்கும் ஆம் என்ற விடை கிடைத்த பின்னரே பணத்தைக் கொடுப்போமாக.

வண்டி கோணலாக நின்றால் ஓட்டுநரைக் குறை கூறுவது நம் வழக்கம். காணமுடியாததைக் காணவில்லை என்று ஒருவரைக் கடிந்துகொள்வது முறையன்று. கிளீனர் இல்லாத லாரியை மண்டிக்குள் பின்னோக்கி நுழைக்கச் சொல்லும் முதலாளி எவருமிலர். கம்பியை எடுத்துவிட்டவர்களே, அதற்கு ஈடாக அந்தக் கிளீனரையும் தர வேண்டும்.